மாமியின் கால்விரலுக்கு நடந்த வாக்கெடுப்பு

குருநகர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மருமகன் லெனாட்டுக்கு,

மாமியின் கால் பெருவிரலை வெட்டுவதா விடுவதா என்று நீர் குடும்ப வட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தது பிழை. அதைப் பிழை என்று சொன்ன என்னைக் குழுவிலிருந்து தூக்கியது அதைவிடப் பெரிய பிழை. இந்த இரண்டையும் எழுதிவிட்டுத்தான் மரியாதைகளுக்கு வருவது என்று இருந்தேன். எழுதியாயிற்று. இனி மரியாதை. பாரிசில் நீரும் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். எங்களுடைய சுகத்தை நீர் விசாரிக்கத் தேவையில்லை. அது எனக்கு முன்னதாகவே உமக்குத் தெரிந்துவிடுகிறது. வழக்கமாக, அக்கா மகன்தானே என்று உம்மை நீ என்றுதான் எழுதுவேன். இந்தக் கடிதத்தில் நீர்.

தபாலில் போட்டால் இது வந்து சேர்வதற்குள் விரலின் கதை முடிந்துவிடும். ஆகவே உம்முடைய தங்கச்சி லவீனா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள். "குரல் பதிவாய்ச் சொல்லலாம்தானே மாமா" என்று கேட்டாள். குரல் பதிவைக் கேட்காமலே அழித்துவிடலாம். கையெழுத்தை அழிக்க ஆளுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரும்.

நடந்ததைத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். குழுவில் உள்ள எல்லாருக்கும் முடிவு தெரியும், ஒருவருக்கும் தொடக்கம் தெரியாது. மாமிக்குச் சீனி வருத்தம் இருப்பது நீர் அறிந்ததுதான். மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கெளிற்று முள் ஒன்று விழுந்து காலில் குத்தியிருக்கிறது. நோகவில்லை என்பதால் அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு சமைத்தாள், தண்ணீர் அள்ளினாள், பூசைக்குப் போனாள். நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று லவீனா கேட்கிறாள். நான் என் மனைவியின் முகத்தைப் பார்க்கிறவன், காலைப் பார்க்கிறவன் அல்ல. முகத்தில் நான் கண்டது என்னவென்றால், சாப்பாடு குறைந்தது, வாயும் குறைந்தது. சாப்பாடு குறைந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. வாய் குறைந்ததுதான் என்னைப் பயப்படுத்தியது.

நான் ஒவ்வொரு நாளும் போனில் பார்க்கும் சென்னை வைத்தியர் ஒருவர் இருக்கிறார். வெள்ளை மேற்சட்டை, பின்னால் புத்தக அலுமாரி, அமைதியான குரல். வீடியோவுக்குக் கீழே கேள்வி எழுதினால் மறுமொழி தருவார். நான் தந்தி அடித்துப் பழகின காலத்து ஆள், வீண் சொல் போட மாட்டேன். "ஐயா, என் மனைவிக்கு ஒரு கிழமையாக வருத்தம். சாப்பாடு குறைவு. கதையும் குறைவு. என்ன செய்யலாம்?" என்று எழுதினேன். இதில் ஓர் எழுத்துப் பிழை காட்டும் பார்ப்போம். மறுநாளே மறுமொழி வந்தது. "அன்புள்ள ஐயா, பெண்கள் தங்கள் வருத்தத்தை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். அவர்களை வீட்டுக்குள் அடைத்து வைக்காதீர்கள். காலை நேரத்தில் வெறுங்காலோடு மணலில் நடக்க வையுங்கள். பழைய இனிய நாட்களைப் பற்றி மனம் விட்டுப் பேசுங்கள். வருத்தம் தானாகப் பறந்துவிடும்."

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். அவருடைய ஊரில் வருத்தம் என்றால் கவலை. அவரும் தமிழர், நானும் தமிழன், சொல்லும் ஒரே சொல். ஆனால் அதற்கு நடுவே பாக்குநீரிணை கிடப்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் "பேசுங்கள்" என்று எழுதியதை நான் பிழையாக விளங்கவில்லை என்பதைக் கவனியும். எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது, அவர்களுக்குக் கதைப்பது. அந்த அளவுக்கு நான் இந்தியச் சினிமா பார்த்திருக்கிறேன். பேச்சில் பிழைக்காதவன் வருத்தத்தில் பிழைத்தேன். எங்கள் கரையில் மணலைவிடச் சேறும் சிப்பியும்தான் கூட. அதனால் கோயில் வளவு மணலில் காலைப் பூசை முடிய அவளை வெறுங்காலோடு நடத்தினேன். நாங்கள் கலியாணம் கட்டின புதிதில் மன்னாருக்குப் போன கதையை எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் பின்தங்கிப் பின்தங்கி வந்ததால், இடையிடையே எங்கள் ஊர்க் கருத்திலும் கொஞ்சம் பேசவேண்டி வந்தது.

ஞாயிறு பூசைக்குக் கொக்குவிலிலிருந்து வந்த லவீனாதான் கண்டது.

"மாமி, உது என்ன காலிலை?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை, முள்ளு."

லவீனா மணலில் குந்தி அந்தப் பிளாஸ்டரை உரித்தாள். பிறகு எழும்பவில்லை. குந்தினபடியே என்னை நிமிர்ந்து பார்த்து, "ஓட்டோ பிடியுங்கோ மாமா" என்றாள். அவள் வங்கியில் வேலை செய்கிறவள், வைத்தியம் படிக்கவில்லை. ஆனால் குனிந்து பார்த்தது அவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கிடைத்த வைத்தியர் ஒரு சின்னப் பிள்ளை. சத்திரசிகிச்சைக்காரி என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "உமக்கு என்ன வயது பிள்ளை?" என்று கேட்டேன். "என்ரை வயசை வைச்சு என்ன ஐயா செய்யப்போறியள்? அம்மாவின்ரை காலைப் பாப்பம்" என்றாள். மாமியை மற்றப் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒரு பஞ்சுத் துண்டால் விரலைத் தொட்டாள்.

"அம்மா, இப்ப தொட்டது தெரிஞ்சுதோ?"

"நீர் இன்னும் தொடேல்லையே பிள்ளை."

அந்த நேரம் அவள் விரலை அழுத்திக்கொண்டு இருக்கிறாள். லெனாட், நான் அதைக் கண்ணால் கண்டேன். "நோகேல்லைத்தானே பிள்ளை, அப்ப ஆறி வருதுதானே" என்று மாமி சிரிக்கிறாள். "நோகாததுதான் அம்மா பயம்" என்றாள் அந்தப் பிள்ளை. விரல் செத்துவிட்டது, எடுக்காவிட்டால் கிருமி மேலே ஏறும், ஒன்றிரண்டு நாளுக்கு மேல் பொறுத்தால் காலைப் பற்றிக் கதைக்கவேண்டி வரும் என்று விளங்கச் சொன்னாள். நான் விடவில்லை. வெட்டினால் புண் ஆறுமா என்று கேட்டேன். "அது எனக்கு இப்ப தெரியாது ஐயா. எடுத்துப் பாத்தாப் பிறகுதான் சொல்லுவன்" என்றாள். எனக்கு உடனே கோபம்தான் வந்தது. தெரியாதவளை ஏன் இங்கே வைத்திருக்கிறார்கள் என்று லவீனாவிடம் சத்தமாகவே கேட்டேன். அந்தக் கோபத்தை இப்போது எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

இனி உம்முடைய பங்கு. லவீனா படத்தைக் குழுவில் போட்டது உறவினர்கள் செபிப்பதற்காக. நான் கன்ரீனில் பிளேன்ரீ வாங்கி வருவதற்குள் நீர் அதற்குக் கீழே வாக்கெடுப்பை வைத்துவிட்டீர். வெட்டலாம். வெட்டக் கூடாது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். உமக்கு அழைப்பெடுத்துக் கேட்டால், "எல்லாற்றை கருத்தையும் எடுப்பம் மாமா, குடும்பம்தானே, சனநாயகம்" என்கிறீர். எங்கள் வீட்டில் எத்தனையோ தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருவனும் மாமியின் காலைக் காட்டிக் கேட்டதில்லை.

நோர்வேயில் இருக்கும் என் தம்பி மகன் றஞ்சித், அங்கே இப்போது ஒன்றையும் வெட்டுவதில்லை, எல்லாம் மருந்தால்தான் என்று எழுதினான். அவன் பனியில் பஸ் ஓட்டுகிறவன். பனியில் பிரேக் எப்படிப் பிடிப்பது என்று அவன் சொன்னால் நான் கைகட்டி நின்று கேட்பேன். லண்டனில் இருந்து அவன் தங்கச்சி ஷெரோன், ஏதோ எண்ணெய் பூசிக் கால் திரும்ப முளைத்தது போல ஒரு வீடியோ அனுப்பினாள். கனடாவில் இருக்கும் மரியரட்ணம் அண்ணை படத்தைப் பார்த்த கையோடு "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று போட்டுவிட்டார். அவர் போட்டதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் போட்டார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் லவீனாவுக்கு அழைப்பெடுத்து அடக்கம் எப்போது என்று கேட்டார். நான் பக்கத்தில் நிற்கிறேன். மாமி கட்டிலில் இருந்து பாண் சாப்பிடுகிறாள். கடைசியில் வெட்டக் கூடாது என்ற பக்கம் வென்றது. லவீனாவின் போனை வாங்கி மாமியும் அதைப் பார்த்துவிட்டாள். தாதி கொண்டுவந்த கையெழுத்துத் தாளை ஒதுக்கி வைத்தாள்.

"எல்லாரும் வேண்டாம் எண்டுதானே சொல்லினம்" என்றாள் என்னிடம்.

"எல்லாரும் எண்டால் ஆர்? அவங்கள் டொக்டர்மாரோ?"

"நீங்கள் டொக்டரோ?"

இதற்கு என்னிடம் மறுமொழி இருந்தது. ஆனால் வாட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வெளியே வந்து மரத்தடியில் நின்று, வாக்குப் போட்ட ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு குரல் பதிவு போட்டேன். உமக்குப் போட்டது கொஞ்சம் நீளம். நீர் அதற்கு எழுதியது இவ்வளவுதான்: "மாமா, உங்கடை வைத்தியத்தாலைதான் உவ்வளவும். இனிக் காணும், நிப்பாட்டுங்கோ." அதோடு என்னை வெளியே போட்டுவிட்டீர். இப்போது என் மனைவியின் விரல் எப்படி இருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரிய வருகிறது என்று கேளும். நேற்று ஆஸ்பத்திரியால் வந்து சைக்கிளை நிறுத்துகிறேன், பக்கத்து வீட்டுக் கனிசியஸ் மதிலுக்கு மேலால் தலையை நீட்டுகிறான்.

"அண்ணை, அக்காவுக்குக் காய்ச்சல் குறைஞ்சிட்டுதாம்."

"ஆர் சொன்னது?"

"நோர்வேயிலை இருந்து மச்சான் சொன்னவர். றஞ்சித்தோடை கதைச்சவராம்."

நான் அவளுடைய நெற்றியில் கை வைத்துவிட்டு வந்த ஆள். அந்தச் செய்தி ஒஸ்லோவுக்குப் போய், மதிலால் ஏறி, என்னிடம் வருகிறது.

நீர் கேட்கப் போவது எனக்குத் தெரியும். "நீங்களும் வீடியோ வைத்தியரைக் கேட்டனீங்கள்தானே மாமா?" கேட்டேன். வைத்தியர் என்றவரைத்தான் கேட்டேன். சொல் பிழைத்தது, நான் பிழைக்கவில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நான் படிக்காதவன் என்றும் நீர் சொல்லலாம். அதுவும் சரி. எஞ்சின் வேலையை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. நானே கழற்றிப் பூட்டிப் பழகினேன். இந்தக் கரையில் என் கை படாத வள்ளத்து எஞ்சின் குறைவு. தானாகப் படித்தவனை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன், சொன்னால் என்னையே சொன்னதாகும். ஆனால் லெனாட், இந்த இரண்டு நாளாக வாட்டு விறாந்தை வாங்கில் குந்தியிருந்து நான் யோசித்தது ஒன்று இருக்கிறது. நான் பிழையாகப் பூட்டினால் எஞ்சின் எடுபடாது. அல்லது மண்டைதீவுக்கு அங்காலே போய் நின்றுவிடும். வள்ளக்காரர் தண்டு வலித்துக் கரைக்கு வந்து, மீன் இல்லாத வள்ளத்தைக் கட்டிவிட்டு, என் வீட்டு வாசலில் நின்று என் அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து ஏசுவார்கள். எனக்கு எது தெரியாது என்பதை எஞ்சின் அன்றன்றைக்கே காட்டித் தந்தது. அப்படி அடி வாங்கி வாங்கித்தான் கொஞ்சம் தெரிந்தவன் ஆனேன். றஞ்சித்துக்கு அவன் சொன்னது பிழை என்று என்றைக்காவது தெரியவருமா? மாமியின் கால் போனால் அவன் ஓர் அழுகிற பொம்மை முகம் போடுவான். அடுத்த நாள் வேறு யாருடையவோ இருதயத்துக்கு வைத்தியம் சொல்வான். அவனுடைய வாசலுக்கு ஒருவரும் தண்டு வலித்து வரப்போவதில்லை. அவன் கெட்டவன் அல்ல. அன்பில்தான் சொன்னான். எல்லாரும் அன்பில்தான் சொன்னீர்கள், அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது. எதிரி என்றால் ஏசிவிட்டுப் போகலாம்.

இன்னொன்று. உம்முடைய வாக்கெடுப்பில் மூன்று கட்டம் வைத்தீர். "எனக்குத் தெரியாது" என்று ஒரு கட்டம் வைக்க ஏன் உமக்கு வரவில்லை? அந்தச் சொல்லை இந்தக் கதை முழுவதிலும் வாய் திறந்து சொன்னது ஒரே ஓர் ஆள். பதினைந்து வருடமோ எவ்வளவோ படித்து, ஒவ்வொரு நாளும் அந்த வேலையையே செய்கிறவள், "அது எனக்கு இப்ப தெரியாது ஐயா" என்றாள். படிக்காத எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்று மேலே எழுதினேன். அவள் மேல் வைக்க இடமில்லை.

மாமி கையெழுத்து வைக்காமல் இருப்பது உங்கள் வாக்குகளால். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள், முப்பது பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பொழுது போகப் போகக் கிருமி ஏறுகிறது. ஆகவே செய்யவேண்டியவை: வாக்கெடுப்பை நீர் உடனே அழிக்க வேண்டும். றஞ்சித் லவீனாவின் போனில் மாமியோடு நேரடியாகக் கதைத்து, தனக்குப் பஸ்ஸைத் தவிர ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஷெரோன் எண்ணெய் வீடியோவை எடுக்க வேண்டும். மரியரட்ணம் அண்ணை, மாமி உயிரோடு இருப்பதாகத் தன் கைப்பட எழுத வேண்டும். மற்ற எல்லாரும் வரிசையாக "எனக்குத் தெரியாது" என்று போட வேண்டும், பொம்மை முகம் வேண்டாம். நீர் என்னைத் திரும்பவும் குழுவில் சேர்க்க வேண்டும், சேர்க்கும்போது ஏன் சேர்க்கிறீர் என்பதை எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும்.

உமக்கும் உம்முடைய வீட்டாருக்கும் தேவமாதா துணை நிற்பாளாக. பிள்ளைகளுக்குக் குளிருக்குக் காது மூடிக் கட்டும்.

கோபத்தோடும் அன்போடும்,
மாமா செபநாயகம்

பி.கு. மேலே உள்ளதைப் படம் எடுப்பிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். நான் வருவதற்கு முன்னமே மாமி கையெழுத்து வைத்துவிட்டாள். நாளை காலை வெட்டுகிறார்கள்.

"ஆரைக் கேட்டு வைச்சனீ?" என்றேன்.

"ஆரின்ரை விரல்?"

"எல்லாரும் வேண்டாம் எண்டினம் எண்டு நீதானே சொன்னனீ?"

"அது உங்கடை வாயை அடைக்கச் சொன்னது. வாக்குப் போட்ட சனத்திலை பாதிப்பேரை எனக்கு முகமே தெரியாது. அவை சொல்லி நான் கேக்கிறதோ?"

அவளுடைய யோசனை செருப்பைப் பற்றியதாம். பெருவிரல் இல்லாவிட்டால் செருப்பு காலில் நிற்குமா, கோயிலுக்குத் தனியே நடந்து போகலாமா, அல்லது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டி வருமா என்பதுதான் அவளுக்கு இருந்த பயம். அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆர் கேட்டது?" என்றாள். காலையில் அந்த வைத்தியப் பிள்ளை கட்டில் ஓரத்தில் குந்தியிருந்து, "அம்மா, உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டிருக்கிறாள். பின்னால் வார் வைத்த செருப்புப் போட்டால் கொஞ்ச நாளில் நடந்து பழகலாம் என்றும், ஒருநாளும் வெறுங்காலோடு மண்ணில் இறங்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், மாமி பேனையைக் கேட்டிருக்கிறாள்.

ஆகவே மேலே எழுதியது ஒன்றும் தேவையில்லை. கிழிக்கப் போனேன், மாமி விடவில்லை, கீழே இடம் இருக்குதானே என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை:

"லெனாட் பின்வார் செருப்பு ஒண்டு அனுப்பவேணும், அளவு லவீனா சொல்லுவாள், கறுப்பு வேண்டாம். லவீனா நாளைக்கு என்ரை நீல நைற்றியைக் கொண்டுவரவேணும். றஞ்சித்துக்கு ஒருத்தரும் பேசக் கூடாது, பனியிலை பஸ் ஓட்டுற பிள்ளை, அவன் நித்திரை கொள்ளட்டும். மரியரட்ணம் அண்ணை போட்ட அனுதாபத்தை அழிக்க வேண்டாம், எப்பவாவது தேவைப்படும். மாமாவைக் குழுவிலை திரும்பச் சேர்க்கிறதை லெனாட் இப்போதைக்கு நிப்பாட்டி வைக்கவேணும். அவரை வெளியிலை போட்ட நாள் தொட்டு அவர் என்னோடைதான் கதைக்கிறார்."